ஒரே தீவு, வேறு எண்ணெய்: மொரிஷியஸ் ஆண்களின் உணவுக் கொழுப்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஆண்கள் அன்றாடம் உண்ணும் கொழுப்பு ஊருக்கு ஊர் மாறுபடுகிறது என்பதை அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வுகள் காட்டிவருகின்றன. அந்த வேறுபாட்டுக்குக் காரணம் கேட்டால் இனம், மதம், நாக்கின் பழக்கம், குடும்ப வழக்கம் என்று பலவற்றையும் அடுக்குவார்கள். கடையில் எந்த எண்ணெய் எந்த விலைக்குக் கிடைக்கிறது என்பது அந்த வரிசையின் கடைசியில்தான் வரும். பல கட்டுரைகளில் அது வருவதே இல்லை. இந்தியப் பெருங்கடலில் உள்ள மொரிஷியஸ் தீவில் 1987க்கும் 1992க்கும் இடையே நடந்தது இந்த வரிசையை மாற்றிப் போடச் சொல்கிறது. அங்கே மக்கள் இடம் மாறவில்லை, சமையல் முறை மாறவில்லை, பண்டிகைகளும் பலகாரங்களும் மாறவில்லை. அரசு ஆணையால் பொதுச் சமையல் எண்ணெயின் சேர்மானம் மாறியது. ஐந்தே ஆண்டுகளில் அந்த மாற்றத்தை மக்களின் இரத்தத்தில் அளக்க முடிந்தது.

இந்த நிகழ்வை ஆண்களின் உணவை மையமாக வைத்து இங்கே ஆராய்கிறேன். தீவில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் அடுப்படியையும் தெருக்கடையையும் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். இந்த எண்ணெய் அவர்களுடைய வாணலியிலும் மாறியது; அவர்களுடைய சமையல் தமிழ் வாசகருக்கு விளக்கம் இல்லாமலே புரியும்.

இடத்தோடு இடத்தை ஒப்பிட்ட ஆய்வுகள்

அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் தலைமையில் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வு, 40 முதல் 59 வயது வரையுள்ள ஆண்களை மட்டுமே எடுத்துக்கொண்டது. பதினாறு குழுக்களில் 12,763 பேர் இருந்தனர். கிரீஸின் கிரீட் தீவு ஆண்கள் தங்கள் கலோரியில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைக் கொழுப்பிலிருந்து பெற்றார்கள். கிழக்குப் பின்லாந்து ஆண்களும் கிட்டத்தட்ட அதே அளவைப் பெற்றார்கள். ஆனால் கிரீட்டில் நிறைவுற்ற கொழுப்பு (பால், நெய் போன்றவற்றில் மிகுந்து, இரத்தக் கொலஸ்ட்ராலை ஏற்றும் வகை) 8 விழுக்காடு அளவிலும், கிழக்குப் பின்லாந்தில் 22 விழுக்காட்டை ஒட்டியும் இருந்தது. முன்னவர்கள் ஆலிவ் எண்ணெயிலும் பின்னவர்கள் பால் கொழுப்பிலும் வாழ்ந்தார்கள். இதய நோய் மரணத்தில் கிழக்குப் பின்லாந்து உச்சியிலும் கிரீட் அடியிலும் நின்றன. மொத்தக் கொழுப்பை மட்டும் எழுதி வைத்திருந்தால் இவ்விரு ஊர்களையும் பிரித்துக் காட்ட வழியே இருந்திருக்காது.

ஜப்பானிய ஆண்களைத் தாய்நாட்டிலும், ஹொனலுலுவிலும், சான் பிரான்சிஸ்கோ பகுதியிலும் வைத்துப் பார்த்த ஆய்வு இன்னொரு படி மேலே போனது. ஒரே மரபில் வந்தவர்கள்; வாழும் இடம் மட்டும் வேறு. கலோரியில் கொழுப்பின் பங்கு ஜப்பானில் 15 விழுக்காடு, ஹவாயில் 33, கலிஃபோர்னியாவில் 38 என்று ஏறியது. இரத்தக் கொலஸ்ட்ராலின் சராசரியும் டெசிலிட்டருக்கு 181, 218, 228 மில்லிகிராம் என்று அதனுடன் சேர்ந்து ஏறியது. மரபணுவைக் காரணம் காட்டுவதற்கு இந்த எண்கள் அதிக இடம் விடவில்லை.

இந்தியாவிலிருந்து வந்த சான்று இவ்வளவு சீராக இல்லை. அதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். எஸ். எல். மல்ஹோத்ரா 1967இல் வெளியிட்ட ரயில்வே ஊழியர் ஆய்வில், வடக்கே பஞ்சாபைச் சேர்ந்த ஆண்கள் நெய்யும் பாலுமாகத் தெற்கத்தியாரைவிடப் பல மடங்கு கொழுப்பு உண்டார்கள். ஆனால் இதய நோயால் இறந்தவர்கள் தெற்கில்தான் ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகமாக இருந்தார்கள். தென்னாட்டு ஊழியர் பெரும்பாலும் விதை எண்ணெய்தான் உண்டவர்கள். நெய்க்காக வாதாடுவோர் இன்றுவரை இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறார்கள். என் கருத்தில், இந்த ஆய்வு நெய்யைப் பற்றிச் சொல்வதைவிட, ஓர் ஊரையும் இன்னோர் ஊரையும் ஒப்பிடும் முறையின் எல்லையைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. பஞ்சாபுக்கும் சென்னைக்கும் இடையே எண்ணெய் மட்டுமா வேறுபடுகிறது? தானியம், உடல் வளர்த்தி, புகைப் பழக்கம், மருத்துவர் எழுதும் இறப்புச் சான்றின் தரம் வரை அனைத்தும் வேறு. இத்தனையில் ஒன்றைப் பிடித்து இதுதான் காரணம் என்று சொல்ல, ஊரை அப்படியே வைத்துக்கொண்டு எண்ணெயை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு சோதனையை எந்தப் பல்கலைக்கழகத்தாலும் ஒரு நாட்டின் மீது நடத்த முடியாது. மொரிஷியஸ் அரசு, தன் மக்களின் நலனை எண்ணி எடுத்த ஒரு முடிவால், ஏறத்தாழ அதையே செய்து காட்டியது.

1987இல் தீவு இருந்த நிலை

மொரிஷியஸில் மலேரியா ஒழிந்துவிட்டதாக 1973இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. தொற்றுநோய்கள் பின்வாங்கிய அதே காலத்தில் இதய நோயும் நீரிழிவும் முன்னுக்கு வந்தன. 1970க்குப் பிறகு ஏற்றுமதித் தொழிற்சாலைகள் பெருகி, கரும்புத் தோட்டத்தில் வெட்டுக்கத்தி பிடித்தவர்களின் பிள்ளைகள் நெசவாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போனார்கள். உடலுழைப்பு குறைந்தது, கையில் காசு கூடியது, சமையலில் எண்ணெயும் தாராளமாயிற்று.

1987இல் நடந்த முதல் பெரிய தொற்றா நோய்க் கணக்கெடுப்பில் 25 முதல் 74 வயதுக்குட்பட்ட 5,080 பேர் பரிசோதிக்கப்பட்டனர். தீவெங்கும் குலுக்கல் முறையில் தேர்ந்த பகுதிகளோடு, சீனர் எண்ணிக்கை போதுமான அளவு வர வேண்டும் என்பதற்காகத் தலைநகர் போர்ட் லூயிஸின் சீனர் குடியிருப்பும் சேர்க்கப்பட்டது. சுகாதார அமைச்சகத்தோடு ஆஸ்திரேலியாவின் பால் ஜிம்மெட், பிரிட்டனின் ஜார்ஜ் ஆல்பர்ட்டி, பின்லாந்தின் யாக்கோ தூமிலேத்தோ ஆகியோர் இப்பணியில் ஈடுபட்டனர். கிழக்குப் பின்லாந்தின் வடக்குக் கரேலியாவில் 1972 முதல் நடந்துவந்த மக்கள் திட்டம், ஒரு மாகாணத்தின் உணவுக் கொழுப்பை மாற்ற முடியும் என்று ஏற்கெனவே காட்டியிருந்தது.

அந்தக் கணக்கெடுப்பின் ஒரு முடிவு இன்றும் என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. நீரிழிவு இந்து இந்தியர், முஸ்லிம் இந்தியர், கிரியோல், சீனர் ஆகிய நான்கு பிரிவினரிடமும் ஏறத்தாழ 10 முதல் 13 விழுக்காட்டுக்குள்ளேயே இருந்தது. இந்திய வம்சாவளியினரையே மிகுதியாகத் தாக்கும் நோய் என்று பரவலாகக் கருதப்பட்டது, ஆப்பிரிக்க வேரும் சீன வேரும் உடையவர்களிடமும் கிட்டத்தட்ட அதே அளவில் காணப்பட்டது. கோயிலும் தேவாலயமும் மசூதியும் வேறாக இருக்கலாம். பலசரக்குக் கடை எல்லோருக்கும் பொது. தெருமுனைக் கடையில் விற்ற எண்ணெயே நான்கு சமூகத்தின் வாணலியிலும் காய்ந்தது. கிரியோல் வீட்டின் தக்காளி ரூகாயும், சீனர் வீட்டின் வறுத்த நூடுல்ஸும், முஸ்லிம் வீட்டின் பிரியாணியும், தமிழர் வீட்டின் கத்திரிக்காய்க் கறியும் பெயரளவில் நான்கு உணவுமுறைகள். கொழுப்பின் கட்டுக்கூறான கொழுப்பமிலத்தின் கணக்கில் அவை பெரும்பகுதி ஒன்றே.

எண்ணெயின் சேர்மானம்

அந்தப் பொது எண்ணெய் பெரும்பாலும் பாமாயிலாக இருந்தது. பாமாயிலின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்றவை. அவற்றுள் பெரும்பங்கு பால்மிட்டிக் அமிலம். கொலஸ்ட்ராலை இறக்கும் வகையான பன்மை நிறைவுறாக் கொழுப்பமிலம் பத்தில் ஒரு பங்குதான். சோயா எண்ணெயில் நிறைவுற்றது 15 விழுக்காடு அளவுக்குக் குறைகிறது. பன்மை நிறைவுறாதது 60 விழுக்காடு அளவுக்கு உயர்கிறது. அதில் பெரும்பகுதி லினோலியிக் அமிலம், ஏறத்தாழ 7 விழுக்காடு ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். இரண்டும் நிறத்தில் சற்றே வேறுபட்ட திரவங்கள். தாளிப்பில் போட்ட கடுகுக்கு வேறுபாடு தெரியாது. மொரிஷியஸ் அரசின் ஒழுங்குமுறை, பெரும்பாலும் பாமாயிலாக இருந்த பொதுச் சமையல் எண்ணெயை முழுக்கச் சோயா எண்ணெயாக மாற்றியது. அதே காலத்தில் வானொலி, தொலைக்காட்சி, பள்ளி, பணியிடம் வழியாகச் சுகாதாரப் பரப்புரையும், விலை சார்ந்த, சட்டம் சார்ந்த பிற நடவடிக்கைகளும் சேர்ந்து நடந்தன.

1992இல் அதே பகுதிகளில் 5,162 பேரைப் பரிசோதித்தபோது கொலஸ்ட்ராலின் சராசரி லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7ஆக இறங்கியிருந்தது. நம் மருத்துவமனைச் சீட்டுகளில் எழுதும் அலகில் சொன்னால், டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 213 மில்லிகிராமிலிருந்து 182. ஒரு நாட்டின் சராசரி ஐந்தாண்டில் இவ்வளவு இறங்குவது எளிதில் காணக்கூடியது அன்று. கொலஸ்ட்ரால் 0.6 மில்லிமோல் குறைந்தால் இதய நோய் வாய்ப்பு 40 வயது ஆணுக்கு ஏறத்தாழப் பாதியும், 70 வயதில் ஐந்தில் ஒரு பங்கும் நாளடைவில் குறைகிறது என்று 1990களில் பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்துக் கணித்தார்கள். அந்த அளவுகோலில் 0.8 என்பது எத்தனை குடும்பங்களில் ஒரு தந்தையைக் கூடுதல் காலம் வைத்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இந்த இறக்கத்துக்கு எண்ணெய்தான் காரணமா என்பதை ஆராய்ந்தவர்கள், மக்கள் சொன்ன வாய்மொழியை மட்டும் நம்பவில்லை. இரு கணக்கெடுப்பிலும் எடுத்த இரத்தத்தின் சீரத்தில் (அணுக்களும் உறைபொருளும் நீங்கிய தெளிநீரில்) உள்ள பாஸ்போலிப்பிட்டுகள் என்னும் கொழுப்புப் பொருள்களின் கொழுப்பமிலங்களைப் பகுத்துப் பார்த்தார்கள். லினோலியிக் அமிலத்தை மனித உடலால் உண்டாக்க இயலாது. இரத்தத்தில் அது கூடியிருந்தால் தட்டிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். கொலஸ்ட்ரால் அளக்கும் கருவியோ முறையோ ஐந்தாண்டில் மாறி அதனால் எண் இறங்கியதாகத் தோன்றலாமே என்று கேட்பவருக்கும் இது தனியான விடை, ஏனென்றால் கொழுப்பமிலப் பகுப்பாய்வு வேறொரு அளவீடு. அந்த அளவீட்டிலும் இரு பாலாரிடமும் தெளிவான மாற்றம் தெரிந்தது. நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் ஏறத்தாழ 3.5 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்ததாகவும், பன்மை நிறைவுறாக் கொழுப்பு 5.5 புள்ளிகள் கூடியதாகவும் மதிப்பிட்டார்கள். கொலஸ்ட்ரால் இறக்கத்தில் ஏறத்தாழப் பாதியை இந்த மாற்றம் விளக்கியது.

ஒரு வீட்டின் கணக்கு

இந்த எண்கள் நம்பத் தகுந்தவைதானா என்பதை ஒரு வீட்டின் எண்ணெய்ச் செலவை வைத்து நாமே சோதித்துப் பார்க்கலாம். ரோஸ் ஹில்லிலோ காத்ர் போர்னிலோ நால்வர் கொண்ட ஒரு தமிழ்க் குடும்பம் வாரத்துக்கு ஒரு லிட்டர் எண்ணெய் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஃபாராத்தா (பராத்தா), மதியம் சோறு, பருப்பு, கீரை, ஒரு கறி, மாலையில் ஏதேனும் பொரித்தது என்னும் வீட்டுக்கு இது மிகையான அளவு ஆகாது. ஒரு லிட்டர் எண்ணெய் 920 கிராம். நால்வருக்கும் ஏழு நாளுக்கும் பகிர்ந்தால் தலைக்கு நாளொன்றுக்கு 33 கிராம். கிராமுக்கு 9 கலோரி என்றால் ஏறத்தாழ 296 கலோரி. 2,400 கலோரி உண்ணும் ஓர் ஆணுக்கு அது எட்டில் ஒரு பங்கு.

அந்த எண்ணெய் முழுவதும் பாமாயிலாக இருந்தால், அதிலிருந்து மட்டும் வரும் நிறைவுற்ற கொழுப்பு அவருடைய கலோரியில் 6.2 விழுக்காடு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளின் மொத்த உணவுக்கும் 10 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. கறியும் பாலும் தேங்காயும் சேரும் முன்பே அந்த ஒதுக்கீட்டில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது. சோயா எண்ணெயானால் அதே 33 கிராம் 1.8 விழுக்காடுதான் தருகிறது. வேறுபாடு 4.3 புள்ளிகள். பன்மை நிறைவுறாக் கொழுப்பு 1.2இலிருந்து 7.4ஆக, அதாவது 6.2 புள்ளிகள் கூடுகிறது. ஆய்வாளர் கண்ட 3.5, 5.5 என்னும் எண்களுக்கு இவை சற்றே மேலே நிற்கின்றன. பழைய எண்ணெய் முழுக்கப் பாமாயிலாக இல்லை என்பதையும், எல்லா வீடும் வாரம் ஒரு லிட்டர் வாங்குவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் நன்றாகவே ஒத்துப்போகின்றன. சமையற்கட்டின் ஒரே ஒரு பொருள் மாறினால் இவ்வளவு பெரிய மாற்றம் வருமா என்ற ஐயத்துக்கு, வரும் என்பதே கணக்கின் விடை.

அடுத்த படியையும் போட்டுப் பார்க்கலாம். மினசோட்டாவின் ஹேஸ்டிங்ஸ் அரசு மருத்துவமனையில் ஆண்களுக்கு அளந்து உணவு கொடுத்து நடத்திய சோதனைகளிலிருந்து கீஸும் அவருடன் பணியாற்றியோரும் ஒரு வாய்பாடு வகுத்தார்கள். நிறைவுற்ற கொழுப்பின் மாற்றத்தை இரண்டால் பெருக்கி, அதிலிருந்து பன்மை நிறைவுறாக் கொழுப்பின் மாற்றத்தைக் கழித்து, 1.35ஆல் பெருக்கினால் கொலஸ்ட்ரால் எத்தனை மில்லிகிராம் மாறும் என்று தெரியும். 3.5 குறைவையும் 5.5 கூடுதலையும் இதில் இட்டால் ஏறத்தாழ 17 மில்லிகிராம் இறக்கம் வருகிறது. தீவில் நேர்ந்த மொத்த இறக்கம் ஏறத்தாழ 31. பாதிக்குச் சற்று மேல். மிச்சத்துக்கு வேறு காரணங்களைத் தேட வேண்டும்; ஆண்களைப் பொறுத்தவரை அத்தகைய காரணங்களுக்குப் பஞ்சமில்லை.

வீட்டுக்கு வெளியே உண்ணும் கொழுப்பு

உணவுக் கணக்கெடுப்பில் ஆண்களிடம் கேள்வி கேட்பதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. நேற்று எத்தனை துண்டு மீன் உண்டார் என்பதை ஓர் ஆண் ஓரளவு சரியாகச் சொல்லுவார். அந்த மீன் எவ்வளவு எண்ணெயில் வெந்தது என்று கேட்டால் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்ப்பார். அங்கே நிற்பவரும் கரண்டி வைத்து அளந்து ஊற்றியிருக்க மாட்டார். வெங்காயம் முழுகும் அளவு என்பதுதான் அவருடைய அளவை. இருபத்துநான்கு மணி நேர நினைவுக் கேள்வித்தாள் இந்த இடத்தில்தான் பலவீனப்படுகிறது. மாதத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள், எத்தனை பேர் உண்கிறீர்கள் என்னும் கேள்வி, கரண்டிக் கணக்கைவிட நம்பகமான விடை தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்கும் அகப்படாத பகுதி தெருவில் இருக்கிறது. போர்ட் லூயிஸ் பேருந்து நிலையத்தின் அருகே காலை ஏழு மணிக்குக் காத்தோ பிமா போடும் கடையில் நின்று பாருங்கள். ஊறவைத்து அரைத்த பருப்பில் மிளகாயும் வெங்காயத்தாளும் கலந்து, விரல் நுனியில் உருட்டி எண்ணெயில் விடுகிறார்கள். நம் பருப்பு வடையின் சிறு உருவம்தான் அது. பொன்னிறம் வந்ததும் துளைக்கரண்டியில் அள்ளி, காகிதத்தில் கொட்டி, பிளந்த ரொட்டிக்குள் வைத்து, வெண்ணெய் தடவி நீட்டுகிறார்கள். வேலைக்குப் போகும் ஆண் அதை நடந்துகொண்டே உண்கிறார். வீட்டு எண்ணெய்க் கணக்கில் இது ஒரு சொட்டும் சேராது. மாலையில் ரம்முடனோ பீருடனோ வைக்கும் காஜாக் என்னும் தொடுகறிகளும் அப்படித்தான்: பொரித்த மீன், பொரித்த கோழி, சமோசா. பெண்களைவிட ஆண்களே இவ்விரு இடங்களிலும் மிகுதியாக உண்கிறார்கள் என்பதால், வீட்டுக் கணக்கை மட்டும் வைத்து ஆண்களின் கொழுப்பை மதிப்பிட்டால் குறைவாகவே வரும்.

குடிப்பழக்கத்தை இங்கே தனியாகக் கவனிக்க வேண்டும். 1987இல் ஆண்களில் 38.2 விழுக்காட்டினர் மிகுதியாகக் குடிப்பவர்கள். 1992இல் அது 14.4 விழுக்காடு. புகைக்கும் ஆண்கள் 58.0 விழுக்காட்டிலிருந்து 47.2ஆகவும், உயர் இரத்த அழுத்தம் உள்ளோர் 15.0இலிருந்து 12.1ஆகவும் குறைந்தார்கள். ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்வோர் 16.9இலிருந்து 22.1ஆகக் கூடினார்கள். மனம் நிறையும் முன்னேற்றம்தான். ஆனால் கொழுப்பை மொத்தக் கலோரியின் விழுக்காடாகச் சொல்லும்போது மதுவும் அந்த மொத்தத்தில் சேர்கிறது, கிராமுக்கு 7 கலோரி வீதம். தினமும் மதுவிலிருந்து 400 கலோரி பெற்ற ஒருவர் அதை நிறுத்தினால், உணவில் ஒரு கிராமும் மாறாமலே அவருடைய கொழுப்பு விழுக்காடு உயர்ந்துவிடும். பெண்களிடையே மிகுதியாகக் குடிப்போர் 2.6 விழுக்காடுதான் என்பதால் அங்கே இந்தக் குழப்பம் இல்லை. ஆண்களின் கொழுப்பை ஊருக்கு ஊர் ஒப்பிடும் எந்த அட்டவணையும், கிராமையும் விழுக்காட்டையும் சேர்த்துக் காட்டினாலொழிய, குடிக்கும் ஊரையும் குடிக்காத ஊரையும் தவறாகவே வரிசைப்படுத்தும்.

இன்னொன்று, நாள்காட்டி. தைப்பூசக் காவடிக்கு முன் தீவின் தமிழர்கள் பத்து நாள் விரதம் இருக்கிறார்கள். மச்சம் மாமிசம் கிடையாது, மது கிடையாது. கோயிலில் வாழையிலையில் ஏழு கறி பரிமாறுகிறார்கள். அதில் பயறும் பூசணியும் பலாக்காயும் உண்டு, வடையும் அப்பளமும் உண்டு. இறைச்சிக் கொழுப்பு நீங்கி எண்ணெய்க் கொழுப்பு மட்டும் நிற்கும் அந்தப் பத்து நாளில் ஒரு தமிழ் ஆணிடம் நேற்று என்ன உண்டீர்கள் என்று கேட்டு, அதை அவருடைய ஆண்டு முழுவதற்கும் உரிய உணவாக எழுதினால், தமிழர்கள் சைவர்கள் என்னும் முடிவுக்கு வந்துவிடலாம். வெள்ளியன்று மட்டும் அசைவம் தவிர்க்கும் வீடுகளும் அப்படியே. கேட்கும் நாளைப் பரவலாக எடுத்தாலன்றி இனவாரிப் பட்டியலுக்கு மதிப்பில்லை.

ஐயங்களும் அவற்றின் எடையும்

இந்த நிகழ்வுக்கு ஒப்பிட வேறொரு குழு இல்லை. எண்ணெய் நாடு முழுவதற்கும் ஒன்றாக மாறியது; மாறாத மொரிஷியஸ் என்று ஒன்று எங்கும் இல்லை. இரு கணக்கெடுப்பும் இரு காலத்தின் குறுக்குவெட்டுகள். இந்தக் குறையை ஒப்புக்கொண்டாலும், கொழுப்பமிலப் பகுப்பாய்வும் வாய்பாட்டுக் கணக்கும் ஒரே திசையில் ஒரே அளவைக் காட்டுவதால், எண்ணெயின் பங்கை மறுப்பது கடினம் என்றே நான் கருதுகிறேன்.

கனமான மறுப்பு வேறிடத்திலிருந்து வருகிறது. கொலஸ்ட்ரால் குறைந்தால் உயிர் நீளுமா என்பதே அது. சிட்னியில் 1966இல் தொடங்கிய சோதனையில், இதய நோய் கண்ட 458 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு விலங்குக் கொழுப்புக்குப் பதிலாகக் குசும்ப எண்ணெய் கொடுத்தார்கள். 2013இல் பழைய தரவை மீட்டு மறுபடி ஆராய்ந்தபோது, எண்ணெய் மாற்றியோரில் 17.6 விழுக்காட்டினரும் மாற்றாதோரில் 11.8 விழுக்காட்டினரும் இறந்திருந்தது தெரியவந்தது. இதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. ஆனால் குசும்ப எண்ணெயில் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் அறவே இல்லை எனலாம். சோயாவில் அது இருக்கிறது. சிட்னியில் ஏற்கெனவே நோயுற்றவர்களுக்கு மிக அதிக அளவில் கொடுத்தார்கள். மொரிஷியஸில் பொது மக்கள் தங்கள் வழக்கமான சமையலில் அதை உண்டார்கள். எல்லாத் தாவர எண்ணெயையும் ஒரே பெயரில் அடக்கிப் பேசுவது, எல்லாக் கொழுப்பையும் ஒன்றாக எண்ணிய பழைய பிழையின் மறுபிறப்பாகத்தான் முடியும்.

தீவில் சரியாகாததையும் சொல்ல வேண்டும். அதே ஐந்தாண்டில் உடல் எடை மிகுந்தோர் கூடினார்கள். இரத்தச் சர்க்கரைக் கோளாறு குறையவில்லை. 2015 கணக்கெடுப்பில் 25 முதல் 74 வயதுக்குள் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. எண்ணெயின் தரத்தை அரசு ஆணையால் மாற்ற முடிந்தது. அளவைக் குறைக்க எந்த ஆணையும் இல்லை. சோயா எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரிதான்.

நம் நியாயவிலைக் கடைக்கு இந்தக் கணக்கு பொருந்துமா

தமிழ்நாட்டில் 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் பாமாயில் தரப்படுகிறது. அதற்குப் பதிலாகக் கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ வேண்டும் என்று உழவர்கள் கேட்டுவருகிறார்கள். மொரிஷியஸைக் காட்டி இந்தக் கோரிக்கையைப் பேசுவோருக்காக அதே கணக்கை இங்கும் போடுகிறேன். அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர் என்றால் நால்வர் வீட்டில் தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கும் குறைவு, கலோரியில் 3 விழுக்காடு. அதைக் கடலை எண்ணெயாக்கினால் கொலஸ்ட்ரால் ஏறத்தாழ 3 மில்லிகிராம் இறங்கும். தேங்காய் எண்ணெயாக்கினால், அதில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றது என்பதால், அதே அளவு ஏறும். உழவரின் வருமானத்துக்காக இந்த மாற்றத்தைக் கேட்பது நியாயமான வாதம். இதயத்துக்காகக் கேட்பதானால், மொரிஷியஸில் நேர்ந்ததன் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான பயனையே எதிர்பார்க்க வேண்டும், அதுவும் கடலை எண்ணெயைத் தேர்ந்தால் மட்டுமே. தீவில் பொது எண்ணெய் என்பது ஏறத்தாழ வீட்டின் மொத்த எண்ணெய். இங்கே அட்டை எண்ணெய் வீட்டுத் தேவையின் ஒரு துண்டு. மீதித் துண்டு வெளிச்சந்தையிலும், உணவகத்தின் வாணலியிலும், ரொட்டி அடுமனையின் வனஸ்பதியிலும் இருக்கிறது.

அடுத்த கணக்கெடுப்பில் கேட்க வேண்டியவை

வாணலி என்றதும் சொல்லத் தோன்றுவது, பொரிக்கும் எண்ணெயின் மறுபயன்பாடு. சோயா எண்ணெயின் நலமான கூறே அதன் பலவீனமும் ஆகும். பன்மை நிறைவுறாக் கொழுப்பமிலம் மிகுந்த எண்ணெய், நாள் முழுதும் கொதித்தால் பாமாயிலைவிட விரைவில் சிதைந்து, பிசுக்கும் நுரையும் கட்டும். அதனால்தான் பொரிப்பதையே தொழிலாகக் கொண்டோர் பாமாயிலையோ வனஸ்பதியையோ விரும்புகிறார்கள். சோயாவை அரைகுறையாக ஹைட்ரஜனேற்றி வனஸ்பதியாக்கினாலோ டிரான்ஸ் கொழுப்பு உண்டாகும். அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவதோடு நல்லதையும் இறக்கும் என்பது 1990 முதல் தெரிந்த செய்தி. ஆகவே வீட்டு எண்ணெய் சோயாவாக மாறிய நாட்டிலும், காத்தோ பிமாவையும் காஜாக்கையும் நாள்தோறும் உண்ணும் ஓர் ஆணின் கொழுப்பு, அவர் மனைவியின் கொழுப்பிலிருந்து வேறாக இருக்க முழு வாய்ப்பு உண்டு. ஒரே வீட்டுக்குள் இருக்கும் இந்த வேறுபாடு, வடக்கு மாவட்டத்துக்கும் தெற்கு மாவட்டத்துக்கும் இடையே இருப்பதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம்.

எனவே ஆண்களின் உணவுக் கொழுப்பை இடவாரியாக ஆராயப் புறப்படும் குழு, போர்ட் லூயிஸிலானாலும் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலானாலும், தனிமனிதரின் கேள்வித்தாளோடு வேறு இரண்டையும் கையில் எடுத்துச் செல்ல வேண்டும். ஒன்று, அந்தப் பகுதியின் பலசரக்குக் கடைகளில் மாதத்துக்கு விற்கும் எண்ணெய் வகை, அளவு, விலை பற்றிய பதிவேடு. மற்றது, தெருக்கடைகளிலிருந்து காலையிலும் மாலையிலும் எடுத்த பொரியெண்ணெய் மாதிரிகள். அவற்றின் கொழுப்பமிலமும் சிதைவின் அளவும் ஆய்வகத்தில் பகுக்கப்பட வேண்டும். பரிசோதிக்கும் ஆண்களில் ஒரு பகுதியினரிடமாவது சீரத்தை எடுத்து, 1987இலும் 1992இலும் செய்ததைப் போலவே கொழுப்பமிலங்களை அளந்து, அவர்களின் வாய்மொழிக் கணக்கோடு பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்க வேண்டும்.